ஊரின் போர் நினைவுப் பூங்கா: அதன் மதிப்பை எழுத்தில் கொண்டுவருவது எப்படி

சின்ன ஊர்களில் இருக்கும் போர் நினைவுப் பூங்காவைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை மலர்வளையம் வைக்கும்போது. மற்றது, அங்கே வண்டி நிறுத்த இடம் எடுக்கலாமா, சாலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடலாமா என்று யாராவது திட்டம் போடும்போது. அந்த இரண்டாவது சமயத்தில் "இது எங்களுக்கு முக்கியமான இடம்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் திட்டம் மாறாது. எது முக்கியம், ஏன் முக்கியம், எதைத் தொட்டால் எது போய்விடும் என்று காகிதத்தில் இருந்தால்தான் பேச்சு எடுபடும். அந்தக் காகிதத்தைத் தயாரிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும், கேமரா உள்ள ஒரு போனும், ஊரில் நாலு பேருடைய ஒத்தாசையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் நிற்கும் தூண் மட்டும் நினைவுச்சின்னம் அல்ல, பூங்கா மொத்தமும் நினைவுச்சின்னம். வாசல், நடைபாதை போகும் திசை, வரிசையாக நட்ட மரங்கள், பெஞ்சு, வேலி, ஒன்றும் இல்லாமல் விட்டிருக்கும் புல்வெளி, எல்லாமே அதில் சேர்த்தி. தூணை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றதையெல்லாம் கூறுபோட்டு எடுத்துக்கொண்ட இடங்கள் ஏராளம். தூண் அப்படியே நிற்கும், ஆனால் ஊர் எதற்காக அந்த நிலத்தை ஒதுக்கியது என்பது யாருக்கும் புரியாமல் போய்விடும்.

இந்தப் பூங்காக்கள் ஏன் இவ்வளவு ஆழமான இடங்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் உடல்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர அனுமதி கிடையாது. விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க 1917-இல் ஓர் ஆணையமே அமைத்தார்கள், இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். கடல் கடந்து போய்ப் பார்க்க வசதியில்லாத பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் ஊர் நடுவில் பெயர் வெட்டிய அந்தக் கல்தான் கல்லறை. உடலே கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்கு அது ஒன்றுதான் மிச்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குள் போனால், எதை அலங்காரம் என்று நினைத்தோமோ அது வேறு மாதிரி தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சுற்று: எதையும் தொடாமல் பாருங்கள்

ஒரு பெரிய தாளில் பூங்காவின் வரைபடத்தைக் கையாலேயே போடுங்கள். எல்லைகள், வாசல்கள், ஒவ்வொரு மரம், ஒவ்வொரு கல், கொடிக்கம்பம், விளக்கு, தண்ணீர்க் குழாய் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள், அதே எண்ணில் புகைப்படம் எடுங்கள். தூண் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, வாசலில் நின்றால் என்ன தெரிகிறது, தூணடியில் நின்றால் ஊரில் எது தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நேர் எதிரே தூணை வைத்தவர்கள் தற்செயலாக வைத்திருக்க மாட்டார்கள்.

இல்லாததையும் பாருங்கள், இது முக்கியம். மேலே எதுவும் இல்லாத ஒரு பீடம் ஓரமாகக் கிடந்தால், அதில் ஒருகாலத்தில் பீரங்கி நின்றிருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு கைப்பற்றிய ஜெர்மன் பீரங்கிகளைப் பல நாடுகளில் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றில் பலவற்றை இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காக உருக்க எடுத்துப்போனார்கள். பிரிட்டனில் இரும்பு வேலிகளுக்கும் அதே கதிதான். சுற்றுச் சுவரின் மேல்வரிசைக் கற்களில் அறுத்த கம்பிகளின் அடிக்கட்டை வரிசையாகத் தெரிந்தால் அதைப் பூசி மறைத்துவிடாதீர்கள். ஒரு போரின் அடையாளத்தை அடுத்த போர் தின்றது என்பதற்கு அது சாட்சி.

கல்லைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்குக்கட்டியைத் தேய்ப்பது, மாவைத் தடவுவது, ஷேவிங் நுரையைப் பூசுவது, எல்லாம் வேண்டாம். நுண்துளைகளுக்குள் போனது திரும்பி வராது. வெளிச்சமே போதும். சாயங்காலம் இருட்டின பிறகு ஒரு நல்ல டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல், கிட்டத்தட்ட இணையாகப் பிடித்து, பக்கவாட்டில் இருந்து ஒளியை ஓடவிடுங்கள். பகலில் வெறும் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் விளிம்பு நிழலாக எழும். இடது, வலது, மேல், கீழ் என்று நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுத்து, கேமராவை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும்.

ஈயத்தால் பதித்த எழுத்துகள் என்றால் இன்னும் சுவாரசியம். கல்லில் எழுத்தை வெட்டி, அதன் அடியில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். ஈயம் உதிர்ந்து போனாலும் துளைகள் இருக்கும். உதிராத எழுத்துகளில் துளை எங்கெங்கே விழுந்திருக்கும் என்று ஒப்பிட்டால், காணாமல் போன பெயரையும் பல சமயம் மீட்டுவிடலாம்.

அப்புறம் பெயர்களின் வரிசையைக் கவனியுங்கள். அகரவரிசையா, பதவி வரிசையா, இறந்த தேதி வரிசையா? பதவியே போடாமல் எல்லாரையும் சமமாக வெட்டியிருந்தால், அது அந்த ஊர் யோசித்து எடுத்த முடிவு. உயிரோடு திரும்பி வந்தவர்களின் பெயரும் இருக்கிறதா? செவிலியர்கள் இருக்கிறார்களா? ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறதா? கடைசியில் வரிசைக்குப் பொருந்தாமல், வெட்டின ஆழமும் எழுத்தின் அகலமும் கொஞ்சம் மாறி ஒரு பெயர் இருந்தால், அது பின்னால் சேர்த்தது. ஏன் பின்னால் என்பதற்குப் பின்னே எப்போதும் ஒரு கதை இருக்கும்: காயம்பட்டுச் சில ஆண்டுகள் படுக்கையில் கிடந்து இறந்தவராக இருக்கலாம், முதலில் சேர்க்க ஊர் மறுத்தவராகவும் இருக்கலாம். மரண தண்டனை பெற்றவர்களை விட்டுவிட்ட ஊர்களும் உண்டு. முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு 2006-இல்தான் பிரிட்டனில் சட்டப்படி மன்னிப்புக் கிடைத்தது.

ஆண்டையும் பாருங்கள். சில கற்களில் 1914–1918 என்றும், சிலவற்றில் 1914–1919 என்றும் இருக்கும். பின்னது பிழை அல்ல. 1918 நவம்பர் 11 அன்று நின்றது சண்டை மட்டும்தான். ஜெர்மனியுடன் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல். எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எது போரின் முடிவு என்று அந்த ஊர் கருதியது என்பது தெரிகிறது. "திருத்துகிறேன்" என்று யாரும் கை வைத்துவிடக் கூடாது.

காகிதங்களைத் தேடுவது

உள்ளாட்சி மன்றத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள், திறப்பு விழாவைப் பற்றிய செய்தித்தாள் செய்தி, நன்கொடையாளர் பட்டியல், கல்தச்சரின் பில், பழைய அஞ்சல் அட்டைப் படங்கள், விமானத்திலிருந்து எடுத்த நிலப்படங்கள், இவற்றைத் தேடுங்கள். எல்லாவற்றிலும் மேலாக நிலத்தின் பத்திரத்தைத் தேடுங்கள். யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த நிலம் என்றால், எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அதிலேயே நிபந்தனை எழுதியிருக்கலாம். பூங்காவைக் காப்பாற்ற ஆயிரம் கையெழுத்து வாங்குவதைவிட அந்த ஒரு வரி பலமானது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள். பணக்காரர் ஒருவர் கொடுத்ததா, வீட்டுக்கு வீடு வசூலித்ததா, விழா நடத்திச் சேர்த்ததா? சின்ன ஊர் நினைவுப் பூங்காவின் மதிப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சிற்பம் சுமாராக இருக்கலாம், தூண் கம்பெனிப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்து வாங்கியதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கச் சேர்ந்து அதைக் கட்டியது என்றால் அந்த வரலாறு வேறு எந்தத் தலைநகரச் சின்னத்துக்கும் இல்லாதது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் 1917-இல் தொடங்கி ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையோரமாக மரங்களை நட்டார்கள், மொத்தம் 3,700-க்கும் மேல். அதை முன்னின்று நடத்தியவர்கள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள். வீரர்கள் படையில் சேர்ந்த வரிசையிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். அந்தப் பெண்களைச் சொல்லாமல் அந்தச் சாலையின் மதிப்பை யாராலும் எழுத முடியாது.

பெயர்களைச் சரிபார்க்கக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தை இலவசமாகத் தேடலாம். அதில் முதல் உலகப் போருக்கான காலக்கெடு 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், இரண்டாம் உலகப் போருக்கு 1947 டிசம்பர் 31 வரைக்கும் போகிறது. ஆகவே கல்லில் உள்ளவர் 1920-இல் இறந்தார் என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய பணிப்பதிவுகளில் பெரும்பகுதி 1940-இல் லண்டன்மீது குண்டு விழுந்தபோது எரிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரின் கல்லும் ஊர்ப் பதிவேடுமே ஒருவர் போருக்குப் போனார் என்பதற்கான அரிய ஆதாரமாக மிஞ்சியிருக்கக்கூடும்.

யார் விடுபட்டார்கள் என்பதையும் மழுப்பாமல் எழுதுங்கள். இறந்த வீரர்களை எல்லாரையும் சமமாக நடத்துவோம் என்று சொன்ன அதே ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேரை, பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தவர்களை, பெயர் சொல்லி நினைவுகூராமல் விட்டதை ஒப்புக்கொண்டது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் சொன்னது. பெரிய அமைப்பிலேயே இப்படி என்றால், ஊர்க் குழு ஒன்று உட்கார்ந்து முடிவு செய்த பட்டியலில் இடைவெளி இருப்பதில் வியப்பில்லை. அதைச் சொல்வதால் கல்லின் மதிப்பு குறையாது. யாரை ஊர் தன்னுடையவர் என்று அன்று நினைத்தது என்பதும் வரலாறுதான்.

மனிதர்களிடம் கேட்பது

பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று சில வேளைகளில் போய் உட்கார்ந்து பாருங்கள். முதியவர்களிடம் பேசுங்கள், அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். "இந்த இடம் உங்களுக்கு முக்கியமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற ஒரு சொல்தான் வரும். "சின்ன வயதில் இங்கே என்ன செய்வீர்கள்? எதைச் செய்யக் கூடாது என்று திட்டுவார்கள்? விழா நாளில் எங்கே நிற்பீர்கள்?" என்று கேளுங்கள். ஊருக்குப் புதிதாக வந்து குடியேறியவர்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் வேறு ஏதோ ஒரு போரிலிருந்து தப்பி வந்தவர்களாக இருக்கலாம், அந்தக் கல்லின் முன் அவர்களுக்குத் தோன்றுவது உங்களுக்குத் தோன்றாததாக இருக்கும்.

மரங்கள்

நினைவுக்காக நட்ட மரத்தில் பெயர்ப்பலகை தொலைந்துவிட்டால் அது வெறும் மரமாகிவிடுகிறது, வெறும் மரத்தை வெட்டுவது சுலபம். அதனால் பழைய படங்களோடு ஒப்பிட்டு, எந்த மரம் முதல் நடவில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒரே இனம், ஒரே இடைவெளி, ஒத்த பருமன் என்றால் ஒரே சமயத்தில் நட்டிருக்க வாய்ப்பு அதிகம். வயதை அறிய மரத்தைத் துளைக்க வேண்டாம்; தேவைப்பட்டால் மரவியலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

மரம் சாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். வரலாற்றுத் தோட்டங்களுக்கான 1982-ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் சாசனம், தோட்டம் உயிருள்ள பொருளால் ஆனது, அழிவதும் புதுப்பிக்கப்படுவதும் அதன் இயல்பு என்பதை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. நல்ல வழி, மரம் ஆரோக்கியமாக இருக்கும்போதே அதன் விதையிலிருந்தோ ஒட்டுக்கன்றிலிருந்தோ வாரிசை வளர்த்து வைப்பது. 1915-இல் துருக்கியில் உள்ள கலிப்போலியின் லோன் பைன் போர்க்களத்திலிருந்து ஓர் ஆஸ்திரேலிய வீரர் தன் தாய்க்கு அனுப்பிய பைன் கூம்பின் விதையில் முளைத்த மரம், 1934-இல் கான்பெராவின் போர் நினைவகத்தில் நடப்பட்டது. அதன் வழிவந்த கன்றுகள் பல ஊர்களுக்குப் போயின.

எழுதுவது

இப்போது கையில் கட்டுக்கட்டாகத் தகவல் இருக்கும். அதை இரண்டு மூன்று பக்கத்துக்குள் ஒரு முக்கியத்துவ அறிக்கையாக்க வேண்டும். உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றுவது பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்காக 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனத்தின் முறை. அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்ற கோணங்களில் ஓர் இடம் யாருக்கு ஏன் முக்கியம் என்று அது கேட்கச் சொல்கிறது. எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. சின்ன ஊர்ப் பூங்காவுக்கு வரலாறும் சமூகமும்தான் பெரும்பாலும் கனமாக இருக்கும், அழகு சுமார் என்றால் சுமார் என்றே எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற உண்மையான வரிகளையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

"இப்பூங்கா நம் வீரர்களின் தியாகத்தைப் போற்றும் ஒப்பற்ற சின்னம்" என்ற வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை, அதை எந்தப் பூங்காவுக்கும் எழுதலாம். "கிழக்கு ஓரத்தில் உள்ள மரங்கள் 1921-இல் நட்டவை, கல்லில் உள்ள பெயர்களின் எண்ணிக்கைக்குச் சமமானவை, இரண்டு மட்டும் பின்னால் மாற்றி நட்டவை, வாசலிலிருந்து தூண் வரையிலான நேர்ப்பார்வை திறப்பு விழாப் படத்தில் உள்ளபடியே இன்றும் இருக்கிறது" என்பது போல எழுதினால், அந்தப் பார்வைக் கோட்டில் கழிப்பறை கட்ட வருபவரிடம் சுட்டிக்காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

பக்கத்து ஊர்களோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது அரிதானதா, அல்லது அந்தக் காலத்துக்கே உரிய வகைக்கு நல்ல உதாரணமா? இரண்டும் மதிப்புதான். கடைசியில், எதை மாற்றவே கூடாது, எதைக் கவனமாக மாற்றலாம், எதை மாற்றினாலும் பாதகமில்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். போன வருஷம் போட்ட சிமெண்ட் பெஞ்சையும் காப்பாற்று என்று சண்டை போட்டால் உண்மையில் காப்பாற்ற வேண்டியது கைநழுவும்.

கெடுக்காமல் பராமரிப்பது

அறிக்கை முடியும் வரைக்கும் கல்லைச் சுத்தம் செய்யாதீர்கள். முடிந்த பிறகும் அவசரப்படாதீர்கள். இந்தக் கற்களுக்கு வெயிலும் மழையும் செய்வதைவிட, விழாவுக்கு முந்தின வாரம் நல்லெண்ணத்தோடு வாளியும் பிரஷ்ஷுமாக வருபவர்கள் அதிகம் செய்துவிடுகிறார்கள். பிரஷர் வாஷர், மணல் பீய்ச்சுவது, கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங், ஐந்துமே கூடாது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் ஆசிட்டில் கரையும். பிளீச்சிங் உப்பைக் கல்லுக்குள் விட்டுப் போகும், அது பின்னால் கல்லின் மேல்தோலைச் செதில் செதிலாக உரிக்கும். கம்பி பிரஷ்ஷின் நுனித்துகள் கல்லில் சிக்கித் துருப்பிடித்துக் கறையாகும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும், அதுவும் யார் கண்ணிலும் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்த்து, கல் உறுதியாக இருந்தால் மட்டும். மேலே பாசிபோல் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் லைக்கன் எழுத்தை மறைக்காத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும்.

கற்களின் இடுக்கில் பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்திருந்தால் அங்கே சிமெண்ட்டை அப்ப வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும், ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும், கல் பிளக்கும். வெண்கலப் பலகையைப் பளபளப்பாகத் தேய்ப்பதும் அப்படித்தான்: அந்தக் கரும்பச்சை மேல்பூச்சு உலோகத்தைக் காப்பாற்றுவது, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் எழுத்தின் விளிம்பும் கொஞ்சம் போகும். வெண்கலத்துக்குத் திருட்டு பயமும் உண்டு என்பதால், அளவோடும் நெருக்கப் படங்களோடும் ஒரு பதிவு கட்டாயம் இருக்கட்டும்.

புதிய பெயர் சேர்க்க வேண்டி வந்தால், பழைய எழுத்தைப் போலவே வெட்டிக் கலந்துவிடாமல், எந்த ஆண்டு, எதற்காகச் சேர்த்தது என்ற குறிப்போடு தனிக் கல்லாக வையுங்கள். முன்பு விடுபட்டவர் விடுபட்டிருந்தார் என்பதும், பிறகு ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது என்பதும் இரண்டும் தெரிய வேண்டும்.

அறிக்கையின் பிரதிகளை உள்ளாட்சி அலுவலகம், நூலகம், பள்ளி என்று வெவ்வேறு இடங்களில் கொடுத்து வையுங்கள். உள்ளூர்ப் பாரம்பரியப் பட்டியல் ஏதாவது இருந்தால் அதில் சேர்க்கவும் விண்ணப்பியுங்கள். ஆண்டுதோறும் அதே இடங்களில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்தால், விரிசல் நகர்கிறதா, தூண் சாய்கிறதா என்பது தானாகத் தெரிந்துவிடும். இன்னொரு பிரதி, வரைபடமும் "இங்கே தோண்டக் கூடாது, இந்த மரத்தடியில் மெஷின் ஓட்டக் கூடாது" என்ற குறிப்பும் மட்டும் கொண்ட ஒரே பக்கப் பிரதி, அங்கே புல் வெட்ட வருபவர் கையில் இருக்க வேண்டும். ஆள் மாறும்போது புதியவருக்கும் அதைக் கொடுத்து, ஒருமுறை கூடவே நடந்து காட்டிவிடுங்கள்.